ஒரு மணி அடித்தால் வண்டி நிற்கும்

வில்ஃப் எண்ட்விசில் தன் எழுபது வருட வாழ்க்கையில் பெரிதாகப் பொய் சொன்னது ஒரே ஒரு முறைதான். அதையும் எழுத்தில், தபால்தலை ஒட்டி, தானே தபால்பெட்டியில் கொண்டுபோய்ப் போட்டார். சொல்லத் தெரியாதவர்கள் பொய் சொன்னால் இப்படித்தான், சாட்சியோடு சொல்வார்கள்.

டைனா லோமாக்ஸ் ரசிகர் மன்றத்துக்கு நாற்பத்தோரு வருடமாக அவர்தான் செயலாளர். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நாலு பக்கத்தில் மன்றச் செய்தி தயாரித்து, ராச்டேலில் இருக்கும் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து மடித்து, உறை போட்டு அனுப்புவார். ஒரு காலத்தில் இரண்டாயிரம் உறுப்பினர்கள். இப்போது செத்தவர்கள், மகன் வீட்டோடு போய்விட்டவர்கள், ‘எனக்குக் காது சரியில்லை, விட்டுவிடு’ என்றவர்கள் எல்லாரையும் கழித்தால் அறுபத்து மூன்று பேர்.

டைனா எங்கள் பக்கத்துப் பெண். நூல் மில் ஃபோர்மன் மகள். 1964இல் இருபத்தோரு வயதில் ‘முப்பத்தாறாம் நம்பர்’ என்று ஒரு பாட்டுப் பாடினாள். இங்கிலாந்து முழுக்க அந்தக் கோடையில் வேறு பாட்டே கேட்கவில்லை என்று சொல்லலாம். பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். தினமும் ஏறும் பையன் அன்றைக்கு வரவில்லை. ‘இன்னும் ஒரு நிமிஷம் நில்லேன், ஓடி வருவான்’ என்று அவள் பாடுவாள். உடனே டிரம் அடங்கும், பஸ் மணி டிங் டிங் என்று அடிக்கும். ‘சரி, கிளம்பு, நாளைக்கும் பஸ் வரும்!’ என்று கண் சிமிட்டுகிற குரலில் முடிப்பாள். அவன் போனால் என்ன, எனக்கென்ன குறைச்சல் என்கிற திமிர். அந்த வயதுக்கு அது அழகாகத்தான் இருந்தது.

அந்த டிங் டிங் வரும் இடத்தில் கூட்டம் மொத்தமும் கையைத் தூக்கிக் கயிற்றை இழுப்பது போல இழுத்துக் கத்தும். கல்யாணத்தில், கிறிஸ்துமஸ் விருந்தில், கடற்கரை நாடகக் கொட்டகையில் என்று ஐம்பது வருடமாக அது நடக்கிறது. எங்கள் ஊர்க் குழந்தைகள் நடக்கக் கற்பதற்கு முன்பே அந்தக் கயிற்றை இழுக்கக் கற்றுவிடும்.

மன்றக் கூட்டங்களில் மட்டும் யாரும் வாயால் டிங் டிங் சொல்லத் தேவையில்லை. நிஜ மணியே இருந்தது. வில்ஃப் முப்பத்தாறாம் நம்பர் வண்டியிலேயே கண்டக்டராக இருந்தவர். பழைய வண்டிகளை உடைத்தபோது ஓட்டுநர் தலைக்கு மேல் இருந்த மணியைக் கேட்டு வாங்கி, ஒரு பலகையில் பொருத்தி, கயிறும் கட்டி வைத்திருந்தார். ஒரு மணி அடித்தால் வண்டி நிற்க வேண்டும். இரண்டு அடித்தால் கிளம்ப வேண்டும். இரண்டு அடிக்காமல் எந்த ஓட்டுநரும் சக்கரத்தை ஒரு அங்குலம் நகர்த்த மாட்டார். எட்னா அவருக்குக் கிடைத்ததே அந்த இரண்டு மணியைத் தாமதப்படுத்தித்தான். மில் நிறுத்தத்தில் அவள் தினமும் பிந்தி ஓடிவருவாள். இவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பார். ஓட்டுநர் கண்ணாடியைத் தட்டித் திட்டுவார். ஏழு மாதம் திட்டு வாங்கிய பிறகு கல்யாணம் ஆனது.

எட்னா போய் இரண்டு வருடம் ஆகிறது. அடக்கத்தன்று வில்ஃப் வந்தவர்களுக்கு சாண்ட்விச் போதுமா, பார்க்கிங் கிடைத்ததா என்று விசாரித்துக்கொண்டே இருந்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மனுஷன் கல்லா, அல்லது வராத கண்ணீரை எங்கே கொண்டுபோய் வைத்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. அவருக்கே தெரியவில்லை.

எட்னா போய் இரண்டு வருடம் கழித்து வந்த செப்டம்பரில்தான் டைனாவின் புது ஆல்பம் வந்தது. அவளுக்கு அறுபத்தொன்பது வயது. பேர் ‘கடைசி வண்டி போன பிறகு’. பதினோரு பாட்டும் டார்ச் பாட்டுகள். அதாவது, போனவனுக்காக இன்னும் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளின் பாட்டுகள். பியானோ ஒன்று, சில இடங்களில் ஒரு செல்லோ, அவ்வளவுதான் வாத்தியம்.

வில்ஃப் அதைப் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போனார். முதல் பாட்டு முடிவதற்குள் ஒரு தட்டுத்தான் கழுவியிருந்தார். அது பழைய குரல் இல்லை. அதை மறைக்க அவள் முயலவும் இல்லை. இருபத்தோரு வயதில் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறிய குரல் இப்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. ஆனால் ஒவ்வொரு படியிலும் நின்று பார்க்கிறது. அன்றைக்குத் தாவியதில் எத்தனை படிகளைப் பார்க்காமல் விட்டுவிட்டோம் என்று கேட்கிறவனுக்கே உறைக்கிறது. மேல் ஸ்தாயியில் ஓரிடத்தில் குரல் கீறுகிறது. வேறு யாராக இருந்தாலும் திரும்பப் பாடிச் சரிசெய்திருப்பார்கள். அவள் அதை அப்படியே விட்டிருந்தாள். சொல்லுக்கு முன்னால் மூச்சு எடுப்பது கேட்கிறது. சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மூச்சு அது.

நாலாவது பாட்டு. ‘ரெண்டு கோப்பை எடுத்து வைத்தேன், ஒன்றைத் திரும்ப வைத்தேன்.’ அந்த ‘ஒன்றை’ என்கிற சொல்லில் பியானோ நின்றுவிடுகிறது. குரல் உடையப் போகிறது என்று நாம் பல்லைக் கடித்துக்கொள்கிறோம். உடையவில்லை. அவள் அழாமல் பாடிவிட்டு, அழுகிற வேலையைக் கேட்கிறவனிடம் விட்டுவிடுகிறாள்.

இரண்டு வருடமாகத் தினமும் காலையில் வில்ஃப் செய்வது அதைத்தான். இரண்டு கோப்பை எடுப்பார், ஒன்றைத் திரும்ப வைப்பார். கை ஆறிப்போன தண்ணீரில் கிடக்க, அந்த மனிதர் தொட்டியின் மேல் குனிந்து விம்மி விம்மி அழுதார். நன்றாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. அதே பாட்டை இன்னும் மூன்று தடவை போட்டார்.

பதினோராவது பாட்டு வந்தபோது நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ‘முப்பத்தாறாம் நம்பர்’. அதே சொற்கள். ஒரு எழுத்து மாற்றவில்லை. ஆனால் நாலில் ஒரு பங்கு வேகம். ‘இன்னும் ஒரு நிமிஷம் நில்லேன், ஓடி வருவான்.’ பிறகு டிங் டிங் இல்லை. டிரம் இல்லை. ஒன்றுமே இல்லை. ஆள் எழுந்து ஜன்னலுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிற அளவுக்கு நீளமான மௌனம். அதன் பிறகு, மிகத் தாழ்ந்த குரலில், ‘சரி, கிளம்பு, நாளைக்கும் பஸ் வரும்.’ வராது என்று தெரிந்தவள் சொல்கிற மாதிரி. இந்த வரிக்குள் இத்தனை நாள் இது இருந்ததா என்று வில்ஃப் அதிர்ந்துபோனார். பாட்டு ஐம்பது வருடம் அவளுக்கு வயதாகட்டும் என்று காத்திருந்திருக்கிறது.

அன்றே மன்றச் செய்திக்கு ஒரு பக்கம் முழுக்கப் புகழ்ந்து எழுதினார். உறுப்பினர்களிடமிருந்து இருபத்து மூன்று கடிதம் வந்தது. அத்தனையும் வசவு.

பொருளாளர் டோரீன் கிளெக்குக்குக் கடிதம் எழுதுகிற பொறுமையெல்லாம் கிடையாது. நேரிலேயே வந்துவிட்டாள்.

“ஏன்யா வில்ஃப், உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? ‘வாழ்நாள்ல கேட்ட சிறந்த ஆல்பம்’னு எழுதியிருக்கே? என் பூனைகூட எழுந்து வெளிய போயிடுச்சு!”

“உன் பூனைக்கு என்ன தெரியும்?”

“உன்னைவிட ஜாஸ்தி தெரியும். பஸ் பாட்டை என்ன பண்ணி வெச்சிருக்கா பாரு. சவ ஊர்வலம் மாதிரி போகுது. என் ரெண்டு பொண்ணு கல்யாணத்துலயும் அதுக்குத்தான் ஆடினோம். நம்ம பாட்டுய்யா அது!”

“அவ பாட்டு, டோரீன்.”

“அம்பது வருஷம் நாம கத்தினதுக்குப் பங்கு இல்லையா?” என்று கேட்டுவிட்டு, அவர் வீட்டு பிஸ்கட்டையே இரண்டு எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த வாரம்தான் டைனாவின் கடிதம் வந்தது. ‘வில்ஃப், லண்டன்ல இருக்கறவங்க நல்லா எழுதறாங்க. அதை விடுங்க. நம்ம ஆளுங்க என்ன சொல்றாங்க? மறைக்காம எழுதுங்க’ என்று கேட்டிருந்தாள். வில்ஃப் பேனாவை எடுத்தார். இருபத்து மூன்று கடிதமும் மேசையில் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. ‘எல்லாரும் உருகிப்போய்விட்டார்கள்’ என்று எழுதினார்.

பதில் நாலே நாளில் வந்தது. ‘அப்படியா! கச்சேரி ஏற்பாடு செய்யறவர், பழைய பாட்டை ஆட்டம் பாட்டமா பாடினாத்தான் டிக்கெட் விக்கும்னு சொல்றார். நம்ம மன்றத்து நவம்பர் டீ விருந்துக்கு நானே வரேன். கடைசிப் பாட்டைப் புது மாதிரி பாடறேன். அந்த மௌனத்துல டிங் டிங்னு கத்தாம நம்ம ஆளுங்க உட்கார்ந்து கேட்டுட்டா, மார்ச்ல இந்தப் பாட்டுகளோட ஊர் ஊராப் போறேன். அவங்களாலேயே கேட்க முடியலைன்னா, வேற யாரால முடியும்? அதோட பாட்டை நிறுத்திக்கறேன். வருத்தமில்லை, வில்ஃப். தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்.’

வில்ஃப் அதை இரண்டு தடவை படித்தார். தன் அழுகையைத் திருப்பிக் கொடுத்த குரல், தன் ஒரு பொய்யால் அடங்கிப்போகுமா? மறுநாளே போனை எடுத்து உட்கார்ந்தார். அறுபத்து மூன்று பேரிடமும் பேசினார். கெஞ்சினார், மிரட்டினார், ஒருவருக்கு இலவச உறுப்பினர் அட்டை தருவதாகச் சொன்னார். டோரீன்தான் கடைசி.

“கத்தமாட்டேன் போ” என்றாள் அவள். “வாயைத் தெச்சுக்கறேன். ஆனா பிடிக்கலைன்னா கைதட்ட மாட்டேன். அதுக்கும் சத்தியம் கேக்காதே.”

நவம்பர் மாதத்து ஒரு சனிக்கிழமை மதியம், புல்தரையில் பந்து உருட்டி ஆடுகிற பௌல்ஸ் கிளப்பின் கூடம். வெளியே புல்வெளியில் விடாமல் தூறல். உள்ளே முட்டை சாண்ட்விச், பன்றி இறைச்சி அடைத்த பேஸ்ட்ரி, டோரீன் கொண்டுவந்த டிரைஃபிள் என்கிற பழக் கஸ்டர்ட், நனைந்த கோட்டுகளின் வாசம். வில்ஃப் மணியை ஒரு கைத்துண்டில் சுற்றி மேசையில் வைத்திருந்தார். வீட்டிலேயே விட்டுவந்திருக்கலாம். நாற்பத்தோரு வருடமாக அது இல்லாமல் கூட்டம் தொடங்கியதில்லை, மனம் வரவில்லை. டீ வரிசையில் சத்தம் கூரையைத் தொட்டபோது வேறு வழி தெரியாமல் துண்டை அவிழ்த்து மணியடித்து அமைதி கேட்டார். திரும்பச் சுற்ற நினைத்த நேரத்தில் கதவு திறந்தது.

டைனா வந்தாள். சாம்பல் நிறக் கோட்டு, தட்டைச் செருப்பு, குட்டையாக வெட்டிய நரைமுடி. பின்னால் பியானோக்காரர், நோட்டுப் புத்தகத்தை மழையில் நனையாமல் சட்டைக்குள் ஒளித்தபடி.

“மிஸ் லோமாக்ஸ்” என்று வில்ஃப் எழுந்து நின்றார்.

“நாப்பது வருஷமா லெட்டர் போடறீங்க, இன்னும் மிஸ் லோமாக்ஸா? டீ இருக்கா? அந்த டிரைஃபிள் யார் செஞ்சது?”

“நான்தான்” என்றாள் டோரீன், முறைப்பு மாறாமல்.

“பாடி முடிச்சப்புறம் எனக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைங்க. நீங்க பாட்டு நல்லா இல்லைன்னு சொன்னாலும் அதைச் சாப்பிட்டுட்டுத்தான் போவேன்.”

கூட்டம் சிரித்தது. டோரீனும் சிரித்துத் தொலைத்தாள்.

டைனா கோட்டைக் கழற்றிவிட்டுப் பியானோவில் ஒரு கையை வைத்து நின்றாள். மைக் வேண்டாம் என்றுவிட்டாள். முதலில் கோப்பைப் பாட்டு. ‘ரெண்டு கோப்பை எடுத்து வைத்தேன்’ என்றபோது டீக் கோப்பையைக் கையில் வைத்திருந்தவர்கள் சத்தம் வராமல் கீழே வைத்தார்கள். வில்ஃப் டோரீனை ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னம் மட்டும் துடித்தது. அவளும் ஐந்து வருடமாகத் தனிதான். இதை எப்படி மறந்தோம் என்று வில்ஃபுக்குச் சுருக்கென்றது.

பிறகு பஸ் பாட்டு.

சிடியில் கேட்டதைவிட மெதுவாகப் பாடினாள். பக்கத்தில் உட்கார்ந்து நமக்கு மட்டும் சொல்கிற மாதிரி. அந்தக் குரலில் வண்டி இருந்தது, ஈரமான கண்ணாடி இருந்தது, கண்ணாடியைத் துடைத்து வெளியே பார்க்கிற கை இருந்தது. வில்ஃபின் கண்ணுக்கு மில் வாசல் தெரிந்தது. நீலக் கோட்டு, ஒரு கையில் தொப்பி, ஓடிவருகிற எட்னா. அவருடைய கை தானாகக் கயிற்றைப் பிடித்திருந்தது. அவருக்கு அது தெரியாது.

‘இன்னும் ஒரு நிமிஷம் நில்லேன், ஓடி வருவான்.’

பியானோ நின்றது. கூடத்தில் அறுபது பேர் மூச்சைப் பிடித்தார்கள். ஐம்பது வருடப் பழக்கத்தை அறுபது பேரும் மடியில் கையைக் கோத்து அடக்கிக்கொண்டார்கள். ஒருவர்கூடக் கத்தவில்லை.

டிங்.

அடித்தது செயலாளர். இரண்டாவதற்குக் கை இழுக்கும்போதுதான் தன் கை என்ன செய்கிறது என்று பார்த்தார். உறைந்துபோனார். கயிறு பாதி இழுபட்ட நிலையில் நின்றது.

அறுபது தலைகள் திரும்பின. “பாவி, நீயா!” என்று டோரீன் பல்லுக்குள் சொன்னது முன் வரிசை முழுக்கக் கேட்டது. வில்ஃபுக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஊரையே மிரட்டி வாயடைத்துவிட்டு, கடைசியில் தானே அவள் பாட்டைக் கொன்றாயிற்று.

டைனா திரும்பி அவரைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் ஓட்டியவர்களும் பஸ்ஸில் போனவர்களுமாக நிறைந்த கூடம் அது. ஒரு மணிக்கு என்ன அர்த்தம் என்று தெரியாதவர் அங்கே ஒருவரும் இல்லை. வண்டி நின்றுவிட்டது. அவள் கேட்ட ஒரு நிமிஷத்தைக் கண்டக்டர் கொடுத்துவிட்டார்.

அவள் அதை வாங்கிக்கொண்டாள். பியானோக்காரரை நோக்கி விரலை லேசாக அசைத்து வேண்டாம் என்றாள். காத்திருந்தாள். தூறல் கூரையில் விழுவது கேட்டது. யாராவது ஏறி வரப்போகிறார்கள் என்பது போல அவள் கதவுப் பக்கம் பார்க்க, கூடம் முழுக்கக் கதவைப் பார்த்தது. தனக்கென்று வரவேண்டியவரை ஒவ்வொருவரும் தேடினார்கள். அந்த மௌனம் ஆல்பத்தில் இருந்ததைவிட மூன்று பங்கு நீளம். ஒரு இருமல் இல்லை. டோரீன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

பிறகுதான் டைனா வில்ஃபைப் பார்த்தாள். கோபமாக இல்லை. ‘சரி, கிளம்பு’ என்று அவள் இன்னும் பாடவில்லை. இரண்டு மணி கேட்காமல் பாட மாட்டாள் என்று வில்ஃபுக்குப் புரிந்தது. அது கண்டக்டரின் வேலை. வேறு யாரும் செய்ய முடியாது.

அவருக்கு அடிக்க மனமில்லை. வாழ்க்கையில் எத்தனையோ தடவை அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்ற கைதானே. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பிடித்திருந்தார். கன்னத்தில் வழிந்ததை யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது. பிறகு அடித்தார்.

டிங். டிங்.

“சரி, கிளம்பு” என்று டைனா பாடினாள். கிட்டத்தட்டப் பேசினாள். “நாளைக்கும் பஸ் வரும்.” இந்தத் தடவை அது வரும் என்றும் கேட்டது, வராது என்றும் கேட்டது. இரண்டையும் ஒரே மூச்சில் பாடுவதற்கு அறுபத்தொன்பது வருடம் பிடிக்கும் போல.

வெகுநேரம் கழித்துத்தான் கைதட்டல் எழுந்தது. எழுந்த பிறகு நிற்கவில்லை. டோரீன் மட்டும் தட்டவில்லை. என்ன என்பது போல வில்ஃப் பார்த்தார்.

“கையில கைக்குட்டைய்யா” என்று சீறினாள் அவள், மூக்கைச் சிந்திக்கொண்டே. “இதை வெச்சுக்கிட்டு எப்படித் தட்டறதாம்?”

டைனா டிரைஃபிள் கிண்ணத்தோடு வந்து வில்ஃபின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். வில்ஃப் மணியைத் துண்டில் சுற்றப் போராடிக்கொண்டிருந்தார்.

“மன்னிச்சுக்குங்க” என்றார். “இன்னொண்ணும் சொல்லணும். எல்லாரும் உருகிட்டாங்கன்னு எழுதினேனே, அது பொய். இருபத்து மூணு பேர் திட்டி எழுதியிருந்தாங்க.”

“தெரியும். அதுல ஒன்பது பேர் எனக்கும் காப்பி அனுப்பிட்டாங்க.” அவள் ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டாள். “மார்ச் எட்டாம் தேதி ஆரம்பிக்கிறேன். முதல்ல இந்த ஊர். அதைத் துண்டுல சுத்தாம எடுத்துக்கிட்டு வாங்க.”

வில்ஃப் சுற்றிய துண்டை மணியிலிருந்து அவிழ்த்தார்.

“ஆனா ஒண்ணு கேக்கணும்” என்றாள் டைனா. “அவ்வளவு நேரம் வண்டியை நிறுத்தி வெச்சிருந்தீங்களே. யார் ஏறினாங்க?”

வில்ஃப் கைத்துண்டை மடித்து மேசையில் வைத்தார்.

“யாரும் ஏறலை, டைனா” என்றார். “எட்னா இறங்கினா.”